சாவி யார் பையில் இருக்கிறது?

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் பல ஒர்க்‌ஷாப்களில் கரண்ட் போகிற நேரம்தான் மெயின்டனன்ஸ் நேரம். "இப்பவே அந்தக் காண்டாக்டரை மாத்திடு" என்று, மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சைக் காட்டி சூப்பர்வைசர் சொல்வார், பையனும் பேனலைத் திறந்து கையை விடுவான். இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெஸ்காம், அதாவது பெங்களூர் மின்வாரியத்தின் கரண்ட் எந்த நிமிடமும் திரும்பலாம். அதை விடுங்கள், ஜெனரேட்டர் ஆட்டோ மோடில் இருந்தால் சில நொடிகளில் தானாக ஸ்டார்ட் ஆகி லோடை எடுத்துக்கொள்ளும். உள்ளே யார் கை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பழைய வயர்மேன்கள் மூன்று ஃபியூஸ் கேரியரையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மோட்டார் பக்கமே போவார்கள். அவர் திரும்பி வந்தால்தான் கரண்ட். பிரேக்கர் வந்தபிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. லீவரைத் தூக்கிவிட யார் கையும் போதும். அமெரிக்காவில் 1989-லேயே லாக்அவுட் டேக்அவுட்டை, அதாவது பூட்டுப் போட்டு எச்சரிக்கை அட்டை மாட்டுவதை, விதியாக்கிவிட்டார்கள். சாரம் அந்தச் சட்டைப் பைதான்: பிரேக்கரை இறக்கிப் பூட்டு, சாவி வேலை செய்கிறவரிடம். இரண்டு பேர் என்றால் இரண்டு பூட்டு.

"போர்டு மாட்டியிருக்கோமே" என்பார் முதலாளி. போர்டு இங்கிலீஷில். ஆபரேட்டர் ஒடிசா, ஹெல்பர் ராய்ச்சூர், எலக்ட்ரீஷியன் நம்ம தருமபுரி. யார் அதைப் படித்தார்கள்?

எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கினால் போதும் என்பது இன்னொரு கூத்து. பெரும்பாலான மெஷின்களில் அது கண்ட்ரோலைத்தான் வெட்டும். பேனலுக்குள் 415 வோல்ட் அப்படியே இருக்கும். பூட்டிய பிறகும் மீட்டரை முதலில் கரண்ட் உள்ள லைனில் வைத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் வேலை செய்யும் இடத்தில், மறுபடி கரண்ட் உள்ள லைனில். மீட்டரே செத்திருந்தால்? டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) உள்ள மெஷினில் சப்ளையை நிறுத்தினாலும் கெப்பாசிட்டரில் 550 வோல்ட்டுக்கு மேல் டிசி சில நிமிடம் நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். டிஸ்ப்ளே அணைந்ததை நம்பிக் கை வைக்காதீர்கள்.

எனக்கு உண்மையான பயம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வருஷம் முழுக்கத் தொடாத இடத்திலெல்லாம் அன்றைக்குத்தான் துணி போகும். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ஹெல்பர் கன்வேயர் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் இருந்தவர், இவன் இருப்பது தெரியாமல், ஸ்டார்ட்டை அமுக்கினார். ரோலர் துணியை இழுத்தது, இவன் பிடியை விட்டதால் விரல் தப்பியது. அடுத்த நாள் அதே ரோலருக்குச் சந்தனம், குங்குமம், பொரி கடலை எல்லாம் முறைப்படி நடந்தது. பூட்டு மட்டும் யாரும் வாங்கவில்லை.

"சாவி தொலைஞ்சா புரொடக்‌ஷன் நிக்குமே" என்று கேட்பார்கள். நிற்கட்டும். பூட்டியவருக்குப் போன் போடுங்கள், மெஷினைச் சுற்றிவந்து ஆள் இல்லை என்று கண்ணால் பாருங்கள், பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கட்டரால் வெட்டுங்கள். டூப்ளிகேட் சாவியை மட்டும் செக்யூரிட்டி மேஜையில் தொங்கவிடாதீர்கள்.