முதல் அரவை

“நானும் ஒரு காலத்தில் உங்களைப் போலத்தான் இருந்தேன்” என்று ஆரம்பிக்கும் விளம்பரத்தை இனி யாருக்கும் எழுதித் தருவதாக இல்லை. விசாரித்து வருகிறவர்களிடம் முதல் போனிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் “அப்பச் சரிங்க, நாங்க வேற ஆளப் பாத்துக்கிறோம்” என்று வைத்துவிடுகிறார்கள். எதற்கு இந்த வீம்பு என்று நண்பர் ஒருவர் கேட்டார். டீக்கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் காப்பிரைட்டிங். மதுரையில் இருந்துகொண்டு சின்னக் கடைகள், வீட்டுத் தொழில்கள், டியூஷன் சென்டர்கள் என்று கேட்கிறவர்களுக்கு நோட்டீஸ், வாட்ஸப் மெசேஜ், ரீல்ஸ் ஸ்கிரிப்ட் எல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். கொஞ்ச காலமாக இந்தத் தொழிலில் எல்லோரும் ஓதுகிற மந்திரம் ஒன்றுதான்: கதை சொல்லு, பொருள் தானாக விற்கும். நான் கதைக்கு எதிரி இல்லை. சாமியே பிட்டுக்காக மண் சுமந்து பிரம்படி பட்டார் என்பதை ஆவணி மூலத்துக்கு ஆவணி மூலம் புட்டுத்தோப்பில் நடத்திக் காட்டுகிற ஊர் இது. இங்கே இருந்துகொண்டு கதை வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் சோறு போட மாட்டார்கள். எந்தக் கதை, யாருடைய கதை என்பதில்தான் என் சண்டை.

விற்பதற்குக் கதை சொல்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்து மிகச் சுருக்கமாகக் காட்டியவர் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ஓர் அம்மா. சாயங்காலம் கோயம்புத்தூர் பஸ் கிளம்புகிற நேரத்துக்குக் கூடையோடு ஏறினார். மற்றவர்கள் “மல்லி, மதுரை மல்லி” என்று கத்திக்கொண்டே முன்னும் பின்னும் போய்விட்டு இறங்கிவிடுவார்கள். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நின்றார். “இப்ப எல்லாம் மொட்டுத்தாம்மா. ஒட்டன்சத்திரம் தாண்டயில விரிய ஆரம்பிக்கும். நீ ஊர்ல போயி எறங்கயில கமகமன்னு இருக்கும்.” அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பெண் இரண்டு முழம் வாங்கிக்கொண்டார்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வைத்து நாங்கள் எழுதாத வசனம் இல்லை. பாரம்பரியம், மண்வாசம், மீனாட்சி கூந்தல் என்று பக்கம் பக்கமாக. அந்த அம்மா அதில் எதையும் தொடவில்லை. வாங்குகிறவரையே கதைக்குள் உட்கார வைத்தார், கதைக்கு ஒரு ரூட் போட்டுக் கொடுத்தார், முடிவை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார். அதோடு, சொன்னது பொய் என்றால் ஒட்டன்சத்திரத்திலேயே குட்டு உடைந்துவிடும்.

விளம்பர உலகின் பெரிய கை டேவிட் ஓகில்வி 1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதியதும் இந்த ரகம்தான். மணிக்கு 60 மைல் வேகத்தில் இந்தக் காருக்குள் கேட்கும் பெரிய சத்தம் மின் கடிகாரத்தின் சத்தம்தான் என்று தலைப்பு வைத்தார். ‘ஆடம்பரம்’ என்றோ ‘கனவு’ என்றோ தலைப்பில் ஒரு வார்த்தை இல்லை. வண்டியைப் பற்றிய தகவல்களை வாரக்கணக்கில் படித்துத் தேடி எடுத்த ஒரே ஒரு விவரம், அதுவும் சோதித்துப் பார்க்கக்கூடிய விவரம்.

நம் போனில் ஓடுவது வேறு ரகம். அதற்கும் வயது கிட்டத்தட்ட நூறு. 1926-இல் வெளிவந்த ஒரு விளம்பரம், எழுதியவர் ஜான் கேப்பிள்ஸ். தபால் வழியாகப் பியானோ கற்றுக்கொண்ட ஒருவன் சொல்வதுபோல இருக்கும்: நான் பியானோ முன்னால் உட்கார்ந்ததும் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் வாசிக்க ஆரம்பித்தபோது... அங்கேயிருந்து வந்ததுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற ‘அவமானப்பட்டேன், அழுதேன், ஒரு வழி கண்டேன், லிங்க் கீழே’. பியானோ பாடம் விற்க அது போதும், பாதகமில்லை. வாசிக்க வராவிட்டால் கொஞ்சம் பணம் போகும். சர்க்கரை வியாதி, கடன், மனச்சோர்வு என்று வரும்போது போவது பணம் மட்டும் இல்லை.

ஏனென்றால் கதை கேட்கிறவர்கள் அசந்துவிடுவார்கள். இதை ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். 2000-இல் மெலனி கிரீன், திமோதி பிராக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, நெருடுகிற இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள். கதைக்குள் ஆழமாகப் போனவர்கள் குறித்தது குறைவு. 2007-இல் வந்த இன்னோர் ஆய்வில் 5 டாலர் கையில் கொடுத்து நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டில் பசியால் வாடும் ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பசியைப் புள்ளிவிவரமாகப் படித்தவர்கள் கொடுத்தது 1.14. ரோக்கியாவோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடவில்லை, 1.43-ஆகக் குறைந்துபோனது. கணக்கு உள்ளே வந்ததும் இரக்கம் சுருங்கிவிட்டது.

என் தொழிலில் இருக்கிறவர்கள் இந்த ஆய்வைக் காட்டி “பார்த்தீர்களா, கதைக்கு இருக்கிற பவர்” என்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. யோசிக்க வைக்கிற விவரத்தை எடுத்துவிட்டால் காசு கூடுதலாக வரும் என்று தெரிந்த ஆள் அந்த விவரத்தை எடுக்காமல் இருப்பானா?

சர்க்கரைக்குக் கேப்சூல் விற்கும் ஒருவர் ஸ்கிரிப்ட் கேட்டு வந்தார். புண் ஆறாமல் காலை எடுத்த ஒருவரின் மகள் பேசுவதுபோல வேண்டும், கடைசி ஷாட்டில் அப்பா நடக்க வேண்டும். காலை எடுத்த அப்பா எப்படிங்க நடப்பார் என்று கேட்டேன். “அது வேற அப்பாங்க” என்றார். இந்த நாட்டில் சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். மருந்துகள், மந்திரத் தீர்வுகள் பற்றிய சட்டம் அது. அதன் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. சொன்னேன். அவருக்கும் தெரியும். “குணமாகும்னு எங்க சொல்றோம், கதைதான சொல்றோம்” என்றார். கதை எதற்குப் பயன்படுகிறது என்பதை அவரைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது மைண்ட்செட் வியாபாரம். ஹோட்டல் ஹாலில் ஒருநாள் பயிற்சி, மத்தியானம் சாப்பாடு உண்டு, சாயங்காலம் அட்வான்ஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். வட்டிக்கு வாங்கிக் கோர்ஸில் சேர்ந்து, ஜெயித்து, கடனை அடைத்த ஒருவரை ஹீரோவாக்கி எழுதித் தரச் சொன்னார் ஒரு பயிற்சியாளர். கந்துவட்டிக்காக 2003-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்த மாநிலத்தில், வட்டிக்கு வாங்குவதைத் தைரியம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஏழ்மை மனசில்தான் இருக்கிறது என்பது இவர்கள் பாடம். வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான், அவன் எங்கே மனசில் இருக்கிறான்?

முயன்றால் திறமை வளரும் என்ற எண்ணம், அதாவது அந்த மாதிரி மைண்ட்செட், படிப்புக்கு உதவும் என்பது கேரல் டுவெக் என்ற உளவியலாளர் ஆராய்ந்து சொன்ன விஷயம். வெறும் மேடைப் பேச்சு இல்லை. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். மொத்தமே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பாடம். மதிப்பெண் குறைவாக எடுக்கும் பிள்ளைகளுக்கு 4-க்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் அளவில் சராசரி 0.1 கூடியது. கூடப் படிக்கிறவர்களும் சவாலான பாடத்தை விரும்பி எடுக்கும் பள்ளிகளில் பலன் இன்னும் தெரிந்தது. எனக்கு இது நல்ல செய்திதான். செலவில்லாமல் கொஞ்சம் பலன், சூழலும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். ஆனால் ‘0.1 கூடும்’ என்று பேனர் அடித்தால் ஹால் நிறையாது. அதனால்தான் ஒற்றை ஆளின் கண்ணீர்க் கதை தேவைப்படுகிறது.

சரி, இதையெல்லாம் மோசடிக்காரர்கள் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். என்னை யோசிக்க வைத்தது நல்லவிதமாகத் தொழில் செய்கிற ஓர் அக்கா.

வீட்டிலேயே சத்துமாவு தயாரித்து விற்கிறார். கணவர் இறந்த பிறகு ஆரம்பித்த தொழில். யாரோ ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் பையன், “உங்க சொந்தக் கதையச் சொல்லுங்கக்கா, மக்கள் கனெக்ட் ஆவாங்க” என்று சொல்லி, அவர் கணவர் போட்டோவுக்கு முன்னால் உட்கார வைத்து வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். நன்றாக ஓடியிருக்கிறது. ஆர்டரும் வந்திருக்கிறது. அடுத்த வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் கேட்டுத்தான் என்னிடம் வந்தார்.

“மறுபடி அதையே சொல்லணுமாம் தம்பி. இந்தத் தடவ ஆஸ்பத்திரில இருந்தப்ப நடந்ததச் சொல்லணுமாம். சொன்னாத்தான் சேல்ஸ் ஆகும்கிறாங்க. நெசமா?”

“நீங்க என்னக்கா நெனைக்கிறீங்க?”

“அந்த வீடியோ யாரு போன்ல ஓடுனாலும் எம்மகன் எந்திரிச்சுப் போயிர்றான். ஒண்ணும் கேக்குறதில்ல. எந்திரிச்சுப் போயிர்றான்.”

வீடியோவை விட்டுவிட்டு மாவைப் பற்றிப் பேசலாம் என்றேன். சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. கேழ்வரகை முளைகட்டி நிழலில் காயப்போடுகிறார். ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியாக வறுக்கிறார், ஒன்று சிவக்கும் நேரத்தில் இன்னொன்று தீய்ந்துவிடும் என்பதற்காக. இதெல்லாம் பல பேர் செய்வதுதான். அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “மில்லு தொறக்குறதுக்கு முன்னாடியே போயி வாசல்ல நின்னுருவேன். நமக்கு மொத அரவையா இருக்கணும். யாராச்சும் மிளகாத்தூள் அரச்சிட்டுப் போயிட்டா, அடுத்து அரைக்கிற மாவுல காரம் ஏறிரும். பச்சப்புள்ள திங்கிறது.”

நிறுத்துங்கக்கா, இதுதான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?” என்றார். எல்லோருக்கும் தெரிந்தது என்பதுதான் இதன் பலம். மாவு மில்லில் தூக்குவாளியோடு வரிசையில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி: ‘மில் திறந்ததும் முதல் அரவை எங்களுடையது. மிளகாய் அரைத்த மெஷினில் உங்கள் குழந்தையின் மாவு அரைபடாது.’ வீடியோவில் விடிகாலை மில் வாசல், கையில் வாளி, ஷட்டர் மேலே போகிற சத்தம். கணவர் போட்டோ இல்லை.

அந்த அழுகை வீடியோ அளவுக்கு இது ஓடவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டுமே. ஆனால் இதைப் பார்த்து வந்தவர்கள் மாவைப் பற்றிக் கேட்கிறார்கள். எப்போது அரைத்தது, எத்தனை மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று. திரும்பவும் வாங்குகிறார்கள். முந்தைய வீடியோவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பாவம் என்று ஒரு பாக்கெட் வாங்கியவர்கள். பாவப்பட்டு வாங்குகிறவர் இரண்டாவது பாக்கெட் வாங்குவதில்லை.

சொந்தத் துக்கத்தைப் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசித் தீர்க்க வேண்டியதை விற்றுத் தீர்க்கச் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்க்கையின் பெரிய வலியை எழுத வைத்தார். நடந்ததையும் அப்போது மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. பிறகு பலர் செய்து பார்த்ததில் பலன் சிறிதுதான் என்று தெரிந்தது, ஆனாலும் உண்டு. அந்த மாணவர்கள் லைக் வாங்க எழுதவில்லை, பெயர் போட்டு எழுதவில்லை. அதே வலியை ஸ்கிரிப்ட் ஆக்கி, ‘கண்ணு கலங்குற எடத்துல ஒரு பாஸ் விடுங்க’ என்று மூன்று டேக் எடுத்தால் அது ஆறுமா, புரையோடுமா?

எழுதுகிறவன் உடம்பையும் இது விட்டுவைக்காது. எங்கள் தொழிலில் ஒரு பழைய சூத்திரம் உண்டு: பிரச்சினையைச் சொல், நன்றாகக் கிளறு, பிறகு தீர்வைக் காட்டு. நடுவில் இருக்கிற ‘கிளறு’தான் எங்களுக்குச் சம்பளம் தருகிற இடம். நாள் முழுக்க முடி கொட்டுகிறவர் பயம், பிள்ளை பெயிலான அம்மாவின் பயம் என்று அடுத்தவர் பயத்தை நம் மண்டைக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். தூக்கத்துக்கான மூலிகைத் தேநீர் ஒன்றுக்கு, தூக்கம் வராதவர்கள் போட்ட கமெண்டுகளை ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து படித்து எழுதினேன். மறுநாள் எனக்கே அந்தத் தேநீர் தேவைப்பட்டது. கழுத்து பிடித்துக்கொள்வது, பசியில்லாமல் பிஸ்கட்டாகத் தின்பது எல்லாம் இந்தத் தொழிலில் சகஜம், யாரும் வெளியே சொல்வதில்லை.

இப்போது சாயங்காலம் போனை வீட்டில் வைத்துவிட்டு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம், ஒரு சுற்று வந்தாலே நன்றாக நடந்த மாதிரி ஆகிவிடும். சுற்றி நடக்கிற எல்லோரும் முட்டிவலியைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டு போகிறார்கள். அதில் ஒன்றைக்கூட நான் விளம்பரத்துக்கு எடுப்பதில்லை. (ஆசை வராமல் இல்லை.) நடையால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, மனசு கனத்தே கிடக்கிறது என்றால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்தால் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

“இப்படிச் சட்டம் பேசினால் பொழப்பு ஓடுமா?” என்பதுதான் நண்பரின் அடுத்த கேள்வி. மைண்ட்செட்காரர் மாதம் கொடுத்துக்கொண்டிருந்த பணம் நின்றது உண்மை. அந்த இடத்தை நிரப்பியவை எண்ணெய்ச் செக்கு, ஒரு தையல் கடை, ஒரு பல் கிளினிக். ரேட் குறைவு. ஆனால் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் ‘மொத அரவை’ மாதிரி ஏதாவது ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. சொல்லத் தெரியாமல் இல்லை. அதெல்லாம் சொல்கிற விஷயமா என்று நினைத்துச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

மதுரைப் பக்கம் சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பொருளைச் செய்யும்போது நீங்கள் தினமும் செய்கிற, வாடிக்கையாளருக்குத் தெரியாத ஒரு வேலையைக் கமெண்டில் எழுதுங்கள். முடிந்தவரை எல்லோருக்கும் இரண்டு வரி எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். கேப்சூல்காரர்கள் மட்டும் மன்னிக்கவும்.