நாலு குரோமோசோம் வெங்காயம்

மாணவன்: அண்ணே, நாலு பல்லாரி கொண்டாந்துட்டேன். லேப்ல வேலை மிச்சமாகட்டும்னு அம்மா உரிச்சே குடுத்துருச்சு.

அட்டெண்டர்: (டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து) பளபளன்னு இருக்கு. சாம்பாருக்குப் பருப்பு ஊற வச்சாச்சா?

மாணவன்: சாம்பாருக்கு இல்லண்ணே, செல்லைப் பத்தின சைட்டாலஜி பிராக்டிகலுக்கு. மைட்டாசிஸ், ஒரு செல்லு ரெண்டாப் பிரியறது.

அட்டெண்டர்: சரி. வேர் எங்கேருந்து வரும்?

மாணவன்: அடியிலேருந்து.

அட்டெண்டர்: அடி எங்க?

மாணவன்: உரிக்கும்போது தலையும் அடியும் சீவித்தானேண்ணே உரிப்பாங்க.

அட்டெண்டர்: சீவினது?

மாணவன்: குப்பையில.

அட்டெண்டர்: அப்ப உன் பிராக்டிகல் குப்பையில கிடக்கு. கையில இருக்கறது சாம்பார்.

மாணவன்: குரூப்புல "நாளை வெங்காயம் கொண்டு வரவும்"னு மட்டும்தாண்ணே போட்டிருந்தாங்க.

அட்டெண்டர்: நோட்டீஸ் போர்டுல ஒட்டினது நாலு வரி. அது குரூப்புக்குப் போறதுக்குள்ள ஒரு வரியாயிடுச்சா? கேட்டுக்க. காஞ்ச மேல்தோலை மட்டும் எடுக்கணும். அடியில பழைய வேர் முடி மாதிரி காஞ்சு கிடக்கும், அதை பிளேடால லேசா சுரண்டணும். அந்த அடித்தட்டை வெட்டிடக் கூடாது, புது வேர் அதோட விளிம்பைச் சுத்தித்தான் கிளம்பும். அப்புறம் டீ கிளாஸ் வாயில உட்கார வச்சு, அடி மட்டும் தண்ணியைத் தொடற மாதிரி விடணும். முழுசா முக்கினா அழுகிப்போகும். தினம் தண்ணி மாத்தணும். ரெண்டு மூணு நாள்ல வேர் ரெண்டு சென்டிமீட்டர் வந்துரும்.

மாணவன்: இவ்வளவு இருக்கா? பரவால்லண்ணே, வேர் வராட்டியும் ஒண்ணுமில்ல. ரெக்கார்டு எழுதியாச்சு.

அட்டெண்டர்: எப்ப?

மாணவன்: போன வாரம்.

அட்டெண்டர்: வேர் முளைக்கறதுக்கு முன்னாடியேவா?

மாணவன்: வெங்காயம் வாங்கறதுக்கு முன்னாடியேண்ணே.

(இதைச் சொல்லும்போது பையன் முகத்தில் ஒரு பெருமை. அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேலையைச் சீக்கிரம் முடிப்பவனைத்தான் வீட்டிலும் வகுப்பிலும் கெட்டிக்காரன் என்கிறார்கள்.)

அட்டெண்டர்: குடு பார்ப்போம். அட, பிரவுன் ஷீட் அட்டை, லேபிள், எச்பி பென்சில், ஸ்கேல் வச்சு அம்புக்குறி. கல்யாணப் பத்திரிகை தோத்துச்சு போ. இது என்ன?

மாணவன்: மெட்டாஃபேஸ். குரோமோசோமெல்லாம் செல்லு நடுவுல வரிசையா நிக்கற கட்டம்.

அட்டெண்டர்: எத்தனை குரோமோசோம் போட்டிருக்க?

மாணவன்: நாலு.

அட்டெண்டர்: வெங்காயத்துக்கு எத்தனை?

மாணவன்: ...பதினாறு.

அட்டெண்டர்: மிச்சம் பன்னெண்டு?

மாணவன்: புக்குலயே நாலுதாண்ணே போட்டிருக்கான்.

அட்டெண்டர்: புக்குல புரியறதுக்காக நாலு போட்டிருக்கான். மேல "வெங்காய வேர் நுனி"ன்னு தலைப்பு எழுதினது நீ. பன்னெண்டு எங்கடா தம்பி?

மாணவன்: சாம்பார்ல போயிருக்கும்ணே.

அட்டெண்டர்: ம், தேறிட்ட. சரி, எத்தனை மடங்கு பெருசாத் தெரியுதுன்னு கீழ "×450"ன்னு இருக்கே, என்ன கணக்கு?

மாணவன்: ஐபீஸ் 10, அப்ஜெக்டிவ்... அது சீனியர் ரெக்கார்டுல அப்படித்தான் இருந்துச்சு.

அட்டெண்டர்: அந்தக் காலத்துப் பித்தளை மைக்ராஸ்கோப்புல 45எக்ஸ் லென்ஸ் இருந்துச்சு. பத்தால பெருக்கினா 450. அதை ஏலத்துல எடைக்குப் போட்டாச்சு. இப்ப இருக்கறது 40எக்ஸ். பழைய இரும்புக் கடைக்குப் போன மைக்ராஸ்கோப்புல நீ எப்படிப் பார்த்த?

மாணவன்: அண்ணே, இதை எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கண்டுபிடிப்பாரா?

அட்டெண்டர்: அவருக்கு நாலே காலுக்கு பஸ். அட்டையைப் பார்ப்பார், இன்டெக்ஸ்ல மேடம் கையெழுத்து இருக்கான்னு பார்ப்பார், சீல் பார்ப்பார். நீ பயப்படாத, உள்ள சமையல் குறிப்பு எழுதியிருந்தாலும் மார்க் வரும். அடுத்து, மைட்டாட்டிக் இன்டெக்ஸ், அதான் நூறு செல்லுல எத்தனை பிரியுதுங்கற கணக்கு, 11.4 சதவீதம். எத்தனை செல் எண்ணின?

மாணவன்: எண்ணலண்ணே.

அட்டெண்டர்: அப்புறம் 11.4 எப்படி வந்துச்சு?

மாணவன்: எல்லாருக்கும் அதுதாண்ணே வந்துச்சு.

அட்டெண்டர்: முப்பத்திரண்டு பேருக்கும்?

மாணவன்: ஆமா. ஒத்துமையான பேட்ச்.

அட்டெண்டர்: ஒத்துமை உங்க பேட்ச்சோட நிக்கல. பழைய ரெக்கார்டெல்லாம் அந்த பீரோவுலதான் அடுக்கியிருக்கு. நான் இங்க வந்து சேர்ந்த வருஷமும் 11.4தான். நடுவுல ஒரு பேட்ச்ல எவனோ புள்ளியை விட்டுட்டான். அந்த வருஷம் பூரா 114 சதவீதம்.

மாணவன்: நூத்திப் பதினாலா?

அட்டெண்டர்: நூறு செல்லை எண்ணினா நூத்திப் பதினாலு செல் பிரியுது. எல்லாத்துலயும் சிவப்பு டிக். மியூட்டேஷன்னா என்னன்னு தியரி பேப்பர்ல கேட்டா அந்த பீரோவைக் காட்டு, போதும்.

மாணவன்: மேடம் கவனிக்கலயா?

அட்டெண்டர்: மேடத்தை ஏன் இழுக்கற? கௌரவ விரிவுரையாளர். மே மாசம் சம்பளம் கிடையாது. மூணு வருஷப் பசங்களோட ரெக்கார்டையும் ஒரே ராத்திரியில திருத்துறாங்க, காலையில உனக்கு கிளாஸும் எடுக்கறாங்க. எண்ணாதவன் நீ.

மாணவன்: நாங்க மட்டுமா? ஜுவாலஜியும் இப்படித்தான்.

அட்டெண்டர்: அதுக்கும் நான்தானே அட்டெண்டர். மண்புழுவைக் கையில குடுத்து, கிளைடெல்லம், அதான் உடம்பைச் சுத்தியிருக்கற தடிச்ச பட்டை, எத்தனாவது கண்டத்துல இருக்கு, எண்ணிச் சொல்லுன்னேன். புழுவைக் கீழ வச்சுட்டு கைடைப் புரட்டுறான். "14 முதல் 16"ன்னு எழுதறான். அது ஃபெரிட்டிமாங்கற வேற புழுவுக்கு. நம்ம ஊர் மண்ணைத் தோண்டினா வர்ற லாம்பிட்டோவுக்கு 14 முதல் 17. புழு அங்கேயே நெளியுது, எண்ணிக்கடா எண்ணிக்கடான்னு.

மாணவன்: சரிண்ணே. இப்ப நான் என்ன பண்ணட்டும்? அடியில்லாத வெங்காயம்தான் இருக்கு.

அட்டெண்டர்: அதை மூடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நீங்கள்லாம் இப்படித்தான் வருவீங்கன்னு தெரிஞ்சே நேத்து முன்தினம் காலையில ஒன்பது மணிக்கு நான் வேரை வெட்டிப் போட்டுட்டேன்.

மாணவன்: ஏண்ணே காலையில? பிராக்டிகல் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தானே.

அட்டெண்டர்: ரெண்டு மணி உனக்கு. பிரியிற செல்லு காலையிலதான் நிறையக் கிடைக்கும்னு காலையில வெட்டறது. வெட்டினதும் ஃபிக்ஸ் பண்ணணும், செல்லு இருந்த நிலையிலேயே நின்னுரும். மூணு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் ஆசிட். அன்னன்னைக்குக் கலக்கணும், பழசு உதவாது. இருபத்துநாலு மணி நேரம் கழிச்சு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாத்தி வச்சிருக்கேன்.

மாணவன்: ஆல்கஹாலா?

அட்டெண்டர்: மூஞ்சியில வெளிச்சத்தைப் பாரு! அது குடிக்கறது இல்ல, குடிச்சா நீயும் ஃபிக்ஸ் ஆயிருவ. அந்த அரை லிட்டருக்கு என்ன பாடு தெரியுமா? லைசென்ஸ், ஸ்டாக் ரிஜிஸ்டர், ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு. காலேஜ் கேட்டுக்கு எதிர்த்த ரோட்டுல முக்குத் திரும்பினா கவர்மெண்டே கவுண்ட்டர் வச்சு விக்குது, யாருக்கும் கணக்கு வேண்டாம். வெங்காய வேருக்குத்தான் வேணும்.

(இதற்குப் பையனிடம் பதிலில்லை. நம்மிடமும் இல்லை.)

மாணவன்: நானே ஸ்லைடு போடட்டா?

அட்டெண்டர்: உட்காரு. வேரைக் கழுவி, 1 நார்மல் எச்சிஎல் ஆசிட்ல போடு. அறுபது டிகிரி, ஏழெட்டு நிமிஷம். வாட்டர் பாத் ரிப்பேர். டம்ளர்ல சுடுதண்ணி ஊத்தி டெஸ்ட் டியூபை நிறுத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்க.

மாணவன்: இந்த ஸ்டெப்பை விட்டுறலாமா? ரெக்கார்டுலயே இது இல்ல.

அட்டெண்டர்: அதனாலதான் யாருக்கும் ஒண்ணும் தெரியல. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல பெக்டின் பசை இருக்கு. ஆசிட் அதைக் கரைச்சாத்தான் அமுக்கும்போது செல் தனித்தனியாப் பிரியும். விட்டா கட்டி கட்டியா நிக்கும். ரொம்ப நேரம் போட்டா கொழகொழன்னு போயி சாயமும் ஏறாது. போதும், எடு, தண்ணியில அலசு. இப்ப அசிட்டோகார்மின் சாயம்.

மாணவன்: அண்ணே, இந்த ஊசி துருப்பிடிச்சிருக்கு. வேற குடுங்க.

அட்டெண்டர்: வேணும்னேதான் குடுத்தேன். கார்மினுக்குக் கொஞ்சம் இரும்பு பட்டா குரோமோசோம்ல நிறம் நல்லா எடுக்கும். இந்தக் காலேஜ்ல பழசா இருந்தும் உதவுற ஒரே சாமான் அதுதான், குறை சொல்லாத. ஸ்பிரிட் லாம்ப்ல லேசாக் காட்டு. காட்டுன்னேன், வேக வைக்கச் சொல்லல! கொதிச்சா காரியம் கெட்டுச்சு.

மாணவன்: எவ்வளவு வேரை வைக்கணும்?

அட்டெண்டர்: நுனியில அடர்த்தியா நிறம் ஏறியிருக்கே, அந்த ரெண்டு மில்லிமீட்டர். மேல இருக்கற வேரை வெட்டித் தள்ளு.

மாணவன்: இவ்வளவுதானா? பாவமா இருக்கே, இன்னும் கொஞ்சம் வச்சுக்கலாமே.

அட்டெண்டர்: மேல இருக்கறது நீளுற செல்லு, அதுல பிரியறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல அடியைத் தூக்கிப் போட மனசு வந்துச்சு, இங்க வேணாத்த வெட்ட மனசு வரலையா? வெட்டு. ஒரு சொட்டு சாயம். கவர் ஸ்லிப்பைச் சாய்ச்சு மெதுவா இறக்கு, தொப்புனு போட்டா காத்து மாட்டிக்கும். பென்சிலைத் திருப்பி ரப்பர் பக்கத்தால தட்டு. பிளாட்டிங் பேப்பரை மேல வச்சுக் கட்டை விரலால நேரா அமுக்கு. நேரா! நகர்த்தாத. நகர்ந்தா செல்லெல்லாம் சுருண்டுக்கும்.

மாணவன்: டக்குனு சத்தம் கேட்டுச்சுண்ணே.

அட்டெண்டர்: கவர் ஸ்லிப். இன்னொண்ணு எடு. இந்த மாசம் ஒரு பாக்கெட்டுதான், ஞாபகம் வச்சுக்க.

(இரண்டாவது கவர் ஸ்லிப் பிழைத்தது.)

மாணவன்: எந்த மைக்ராஸ்கோப்?

அட்டெண்டர்: ஜன்னலோரம் இருக்கறது. மத்ததுல ரெண்டுக்கு அடிக் கண்ணாடி இல்ல. மூணாவது லென்ஸ்ல பூஞ்சை.

மாணவன்: பாட்டனி டிபார்ட்மெண்ட்ல பூஞ்சை இருக்கறது நியாயம்தானேண்ணே.

அட்டெண்டர்: ஸ்லைடுல இருந்தா சிலபஸ். லென்ஸ்ல இருந்தா ஆடிட் அப்ஜெக்‌ஷன். பத்துல முதல்ல பாரு, அப்புறம் நாப்பதுக்குத் திருப்பு. நாப்பதுல பெரிய திருகைத் தொட்டா கையை உடைப்பேன், சின்னதுதான்.

மாணவன்: வந்துருச்சுண்ணே! பெரிய செல்லு! உருண்டையா, சுத்திக் கறுப்பா கனமா செல் வால்!

அட்டெண்டர்: உள்ள என்ன இருக்கு?

மாணவன்: ஒண்ணுமே இல்ல.

அட்டெண்டர்: காத்துக் குமிழ். தள்ளு. வெங்காயச் செல் கட்டம் கட்டமா இருக்கும்.

மாணவன்: ...ஆமா. இப்ப தெரியுது. நிறைய இருக்கு. ஆனா எல்லாம் ஒரே மாதிரி, நடுவுல உருண்டை வச்சுக்கிட்டு சும்மா இருக்கு.

அட்டெண்டர்: இன்டர்ஃபேஸ், இன்னும் பிரிய ஆரம்பிக்காத செல்லு. முக்கால்வாசிக்கு மேல அதுதான் இருக்கும். ரெக்கார்டுல ஒவ்வொரு கட்டமும் வரிசையா ஆளுக்கு ஒண்ணா நிக்கும், இங்க தேடணும்.

மாணவன்: அண்ணே, இது நூல்கண்டு மாதிரி இருக்கு. ப்ரோஃபேஸா?

அட்டெண்டர்: ஆமா, முதல் கட்டம். பிரியறதுல அதுதான் அதிகம். இன்னும் நகர்த்து.

மாணவன்: இது... ரெண்டு பக்கமும் இழுத்துட்டுப் போகுது. அனாஃபேஸ்! அண்ணே, நிஜமாவே இருக்கு!

அட்டெண்டர்: பின்ன, புக்குக்காரன் பொய்யா சொல்வான்? இப்ப எண்ணு. மேலேருந்து ஒரு ஓரமா ஆரம்பி, பார்த்ததையே திரும்பப் பார்க்காத. மொத்தச் செல்லு ஒரு பக்கம், பிரியறது ஒரு பக்கம், கோடு போட்டுக்கிட்டே வா. பிரியறதை மொத்தத்தால வகுத்து நூறால பெருக்கு.

(முக்கால் மணி நேரம் ஓடுகிறது. நடுவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "டேய், 11.4டா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.)

மாணவன்: முடிஞ்சுதுண்ணே. இருநூத்தம்பது செல்லு. பிரியறது இருபத்தொண்ணு. 8.4 சதவீதம்.

அட்டெண்டர்: எழுது அதை.

மாணவன்: எல்லாருக்கும் 11.4, எனக்கு மட்டும் 8.4ன்னா மேடம் தப்புன்னு அடிச்சுர மாட்டாங்களா?

அட்டெண்டர்: ஸ்லைடைக் காட்டு. அவங்க பிஎச்டி வாங்கினதே இந்த வேலை பார்த்துத்தான். ரொம்ப நாளா இந்தக் காலேஜ்ல எவனும் அவங்ககிட்ட ஸ்லைடைக் காட்டினதில்ல.

மாணவன்: அதுக்கு அவசியம் இல்லண்ணே. பிரச்சினை தீர்ந்துருச்சு.

அட்டெண்டர்: எப்படி?

மாணவன்: கணக்கைப் போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். முப்பத்தொரு பேரும் அழிச்சுட்டு 8.4ன்னு மாத்திட்டாங்க.

அட்டெண்டர்: அடப்பாவி!

மாணவன்: மேக்னிஃபிகேஷனும் 400ன்னு மாத்தச் சொல்லிட்டேன்.

அட்டெண்டர்: குரோமோசோம்?

மாணவன்: அது நிறைய வரையணும்னு நாலோட விட்டுட்டாங்க.

அட்டெண்டர்: இனி இருபது வருஷத்துக்கு இந்த பீரோவுல 8.4தான். அதையாவது சரியா எண்ணினியா?

மாணவன்: எண்ணினேண்ணே. ஒரே ஒரு டவுட்டு. குமிழைத் தள்ளச் சொன்னீங்கல்ல, அதை மொத்தத்துல சேர்த்தேனா இல்லையான்னு...

அட்டெண்டர்: இருநூத்தம்பதுல ஒண்ணு போனா ஒண்ணும் குடி முழுகிடாது.

மாணவன்: இருபத்தொண்ணுலயும் இருக்குண்ணே.

அட்டெண்டர்: குமிழ் எப்படிடா பிரியிற செல்லுல வரும்?

மாணவன்: ரெண்டு குமிழ் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. செல்லு ரெண்டாகுற கடைசிக் கட்டம், டீலோஃபேஸ்னு போட்டுட்டேன்.