முகாமில் தாய்ப்பால் வற்றிவிடுமா?

"வெள்ள முகாமுக்கு வந்த தாய்க்கு அதிர்ச்சியில் பால் வற்றிவிடும், பால்பவுடர் அனுப்புங்க" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. பயமும் வலியும், பாலை இறங்க வைக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைத் தடுப்பதால் பால் இறங்கத் தாமதமாகும். சுரப்பு அதனால் நின்றுவிடாது. நிற்பது பெரும்பாலும் பிள்ளையை மார்பில் போடாமல் விடுவதால்தான். நல்லெண்ணத்தில் நீட்டப்படும் புட்டிதான் பலமுறை அதற்குத் தொடக்கம்.

முகாமில் முதலில் தேவை மறைவான இடமும் சாய்ந்து உட்கார வசதியும். பிறகு இரவும் சேர்த்து நாளுக்கு 8 முதல் 12 முறை ஊட்ட வேண்டும். நின்றுபோன பாலையும் மீட்கலாம்: மெல்லிய குழாயின் ஒரு முனை கிண்ணத்துப் பாலில், மறுமுனை முலைக்காம்பை ஒட்டி. பிள்ளை இரண்டையும் சேர்த்துச் சப்பும். கிண்ணத்தை உயர்த்தினால் பால் வேகமாகப் பாய்ந்து புரையேறும், அதனால் மார்புக்குக் கீழேயே பிடிக்க வேண்டும். பால் மீண்டும் சுரக்கச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். எடை ஏறுகிறதா, 24 மணி நேரத்தில் 6 முறையாவது சிறுநீர் போகிறதா என்று பார்க்காமல் கிண்ணப் பாலைக் குறைக்கக் கூடாது.

தாயில்லாத பிள்ளைக்குப் பவுடர் வேண்டும்தான். கொதித்த நீரோடு, சுகாதாரப் பணியாளர் வழியாக மட்டும். 2006-இல் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் கனமழைக்குப் பின் வயிற்றுப்போக்கு பரவியபோது பெரிதும் பாதிக்கப்பட்டவை பவுடர் பால் குடித்த சிசுக்களே.