பூஜ்யம்தான் இலக்கு
அமெரிக்கக் குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம் என்கிறது கட்டுரை. இதை ஏற்க முடியவில்லை. ஈயம், தாமிரம் பற்றிய அமெரிக்க அரசின் 1991 குடிநீர் விதியில் உள்ள அந்த எண், குழாய் அரிப்பைக் கட்டுப்படுத்தினால் எட்ட முடியும் என்று வைத்த அளவு. ஈயத்துக்கான உடல்நல இலக்கு பூஜ்யம். அப்புறம், சோதித்த மாதிரிகளில் பத்தில் ஒன்று அந்த அளவைத் தாண்டியிருந்தாலும் ஊர் தேறிவிடும். அந்தப் பத்தாவது வீட்டில் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அதே விதியில் தாமிரத்தின் வரம்பு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம்; மிஞ்சினால் வயிற்றைப் புரட்டும். ஈயம் அப்படி எதையும் உடனே காட்டாது. நிறமில்லை, சுவையில்லை. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வரும் நீரில் பெரும்பாலும் அது இருப்பதில்லை, வீட்டுக்கு வரும் குழாயில்தான் கரைகிறது. 2014-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். விளைவு, குழாய்களின் ஈயம் வீட்டு நீரில் கரைந்தது.

அந்த விதிக்கான 2024 திருத்தம் ஈய வரம்பை 10 மைக்ரோகிராம் ஆக்கி, பெரும்பாலான ஈயக் குழாய்களைப் பத்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. சரி, ஆனால் வீட்டு எல்லைக்குள் இருக்கும் பகுதியின் செலவையும் நீர் வழங்குவோரே ஏற்க வேண்டும். இல்லையேல் வீட்டுப் பகுதி பழையபடியே நிற்கும்; அப்படிப் பாதிக் குழாயை மட்டும் மாற்றினால் ஈயம் சில காலத்துக்குக் கூடவும் செய்யும்.