திருவிழாவை மட்டும் நம்பி தியேட்டர் நடத்த முடியாது

ஒரு பெரிய படம் ஓடிவிட்டால் "பாத்தீங்களா, தியேட்டர் சாகல" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அடுத்து மூன்று படம் படுத்தால் "முடிஞ்சது, இனி எல்லாம் ஓடிடிதான்" என்று இன்னொரு கூட்டம் வரும். இரண்டு தரப்புக்கும் கையில் இருப்பது ஒரே அளவுகோல், வசூல். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்தப் பெரிய படமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அரங்கத்தில் எத்தனை தலை இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள், தியேட்டரின் எதிர்காலத்தை நான் சொல்கிறேன்.

1946-ல் அமெரிக்காவில் வாரத்துக்கு 8 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. அந்த நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 14 கோடிதான். இத்தனை பேரும் ஏதோ ஒரு குறிப்பிட்ட படத்தைத் தேடிப் போனவர்கள் இல்லை. படத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். படம் பாதி ஓடும்போது உள்ளே நுழைவது, அடுத்த காட்சியில் விட்ட பாதியைப் பார்த்துவிட்டு எழுந்து போவது எல்லாம் அங்கே சர்வசாதாரணம். 1960-ல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் போட்ட நிபந்தனை பெரிய பேச்சானது அதனால்தான்.

அந்தப் பழக்கத்தைத்தான் தொலைக்காட்சி உடைத்தது. பதிலுக்கு சினிமாக்காரர்கள் திரையை அகலமாக்கினார்கள். 1953-ல் சினிமாஸ்கோப் வந்தது, 3டி வந்தது, பிரம்மாண்டம் வந்தது. தனித்தனிப் படங்கள் நன்றாகவே ஓடின. வாரா வாரம் வந்தவர்கள் மட்டும் திரும்பி வரவில்லை. இன்றைக்கு ஓடிடிக்கு மருந்தாக ஐமேக்ஸ், ஆடும் நாற்காலி என்று பேசுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த 1953 ஞாபகம்தான் வருகிறது. மருந்து வேலை செய்யும். ஆனால் அது வேறு நோய்க்கான மருந்து.

அடுத்தது வீடியோ கேசட். 1982-ல் ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் சங்கத் தலைவர் ஜாக் வேலன்டி, அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய், வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஒரு தொடர் கொலைகாரன் எப்படியோ அப்படித்தான் திரைத்துறைக்கு இந்த வீடியோ கருவி என்று சாட்சியம் சொன்னார். சில வருடங்களிலேயே தியேட்டர் வருமானத்தைவிட வீடியோ வருமானம் அந்த ஸ்டுடியோக்களுக்குப் பெரிதாகிவிட்டது. தியேட்டரும் சாகவில்லை. இதைச் சொல்லி "அப்பவும் இப்படித்தான் பயந்தாங்க" என்று இன்று சமாதானம் சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். கேசட் கடைக்குப் படம் வர மாதக்கணக்கில் ஆனது. அந்த இடைவெளிதான் தியேட்டரைக் காப்பாற்றியது.

அந்த இடைவெளிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2019 வரை அமெரிக்காவில் பெரிய படங்களுக்குச் சுமார் 90 நாள். 2020 ஜூலையில் யுனிவர்சல் ஸ்டுடியோவும் ஏஎம்சி தியேட்டர் நிறுவனமும் தியேட்டரில் 17 நாள் ஓடியதுமே படத்தை வீட்டிலிருந்து காசு கட்டிப் பார்க்க விடலாம் என்று ஒப்பந்தம் போட்டன. அதே ஆண்டு டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ், 2021-க்கான தன் மொத்தப் படங்களையும் அமெரிக்காவில் தியேட்டரிலும் ஹெச்பிஓ மேக்ஸ் என்ற ஓடிடியிலும் ஒரே நாளில் வெளியிடுவதாக அறிவித்தது. பெருந்தொற்றுக் காலம், வேறு வழியில்லை என்றார்கள், சரி. தொற்று போன பிறகும் பழைய 90 நாள் திரும்பவில்லை. 45 நாள் வைத்தாலே பெருந்தன்மை என்று ஆகிவிட்டது.

நாள் குறைந்தது வெறும் கணக்கு இல்லை. "கொஞ்சம் பொறுத்தா வீட்லயே வந்துடும்" என்று யோசிக்க மனிதனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் என்றால் பொறுக்க முடியாது, படத்தைப் பற்றி எல்லோரும் பேசி முடித்திருப்பார்கள். மூன்று வாரம் என்றால் தாராளமாகப் பொறுக்கலாம். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு படத்தையும் "இது காத்திருக்கிற படமா, காத்திருக்காத படமா" என்று பிரிக்கத் தொடங்குகிறார். அப்படிப் பிரிப்பவரிடம் நடுத்தரப் படம் ஒருபோதும் ஜெயிக்காது.

2002 ஏப்ரலில் 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' என்ற சின்ன நகைச்சுவைப் படம் அமெரிக்காவில் நூற்றுச் சொச்சம் தியேட்டர்களில் வெளியானது. செலவு சுமார் 50 லட்சம் டாலர். தெரிந்த முகம் என்று சொல்ல ஆள் இல்லை. பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொல்ல, அவர்கள் அடுத்தவர்களிடம் சொல்ல, மாதக்கணக்கில் ஓடி, ஒரு வாரம்கூட வசூலில் முதலிடம் வராமலேயே அமெரிக்காவில் மட்டும் 24 கோடி டாலர் எடுத்தது. இதே படம் இன்று வந்தால்? இரண்டாவது வாரம் காட்சி குறைப்பார்கள். மூன்றாவது வாரம் நண்பர் நல்லா இருக்கு என்று சொல்லும்போது "ஓடிடியில வந்துடுச்சே" என்பார் நம்மாள். வாய்ச்சொல் பரவ நாள் வேண்டும். அந்த நாளைத்தான் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

இதில் தியேட்டர்காரருக்கு இன்னொரு அடியும் இருக்கிறது. முதல் வாரங்களில் டிக்கெட் பணத்தில் விநியோகஸ்தர் பங்கு அதிகம், வாரம் போகப் போக தியேட்டரின் பங்கு ஏறும் என்பதுதான் ஹாலிவுட்டில் நெடுங்காலம் இருந்த ஏற்பாடு. ஆக, தியேட்டருக்குக் காசு நிற்கும் வாரம் வரும்போது படம் வீட்டுக்குப் போய்விடுகிறது. பாப்கார்ன் ஏன் அந்த விலை விற்கிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. (மீதிப் பாதி பேராசை. அதையும் மறைக்க வேண்டாம்.)

"அப்புறம் எப்படி சார் இவ்வளவு கூட்டம் வருது?" வருகிறதே, யார் இல்லை என்றது? 'டாப் கன்: மேவரிக்' படத்தை ஓடிடிக்கு விற்காமல் இரண்டு வருடம் பொத்தி வைத்து 2022 மே மாதம் வெளியிட்டார்கள், உலக வசூல் 140 கோடி டாலரைத் தாண்டியது. 2023 ஜூலை 21-ல் 'பார்பி', 'ஓப்பன்ஹைமர்' இரண்டும் ஒரே நாளில் வந்து, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே ஒரு மோகமானது. இவற்றையெல்லாம்விட எனக்குச் சுவாரசியமானது 2025-ல் நடந்தது. 'கேபாப் டீமன் ஹன்டர்ஸ்' என்ற பாட்டு நிறைந்த அனிமேஷன் படம் ஜூன் மாதத்திலிருந்தே நெட்ஃபிளிக்ஸில் இருந்தது. சந்தா கட்டியவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகஸ்டில் கூடவே சேர்ந்து பாடும் காட்சிகளாக ஒரே ஒரு வாரக்கடைசிக்கு தியேட்டரில் விட்டார்கள். வெளியான மதிப்பீடுகளின்படி வட அமெரிக்காவில் அந்த வாரக்கடைசியின் முதலிடம் அதற்குத்தான். வீட்டில் இருக்கும் படத்தைக் காசு கொடுத்து வெளியே போய்ப் பார்த்திருக்கிறார்கள், கூட்டமாகக் கத்திப் பாடுவதற்காக.

கூட்டமாகப் பார்க்கும் ஆசை சாகவே சாகாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எடிசன் நிறுவனத்தின் கினெட்டோஸ்கோப் 1894-ல் வந்தபோது ஒவ்வொருவராகக் குனிந்து துளை வழியாகத்தான் படம் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் லூமியர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு திரையில் காட்டினார்கள், துளைப்பெட்டி காணாமல் போனது. இன்று கைப்பேசியில் குனிந்து பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான் என்று ஒருவர் வாதாடினால் மறுக்க மாட்டேன்.

ஆனால் இவை எல்லாமே திருவிழா. திருவிழாவுக்கு ஊரே திரளும், சரி. மற்ற நாளில் அந்தத் திடலுக்கு யார் வருவார்? தியேட்டருக்கு வாடகை, மின்சாரம், ஏசி, சம்பளம் வருடம் முழுக்க உண்டு. பத்துப் பேர் இருந்தாலும் முந்நூறு பேர் இருந்தாலும் புரொஜெக்டர் அதே கரண்டைத்தான் தின்னும். வட அமெரிக்க வசூல் 2019-ல் 1,100 கோடி டாலருக்கு மேல் இருந்தது. 2024-ல் 900 கோடியைக்கூடத் தொடவில்லை, இவ்வளவுக்கும் டிக்கெட் விலை ஏறியிருக்கிறது. அந்தப் பள்ளம் பெரிய படங்கள் ஓடாததால் மட்டும் வந்ததில்லை, நடுவில் இருந்த வாரங்கள் செத்ததால் வந்தது.

ஸ்டுடியோக்களையும் ஓடிடியையும் திட்டியாயிற்று. இனி தியேட்டர்காரர்கள் பக்கம் வருகிறேன், ஏனென்றால் பழக்கத்தைக் கெடுத்ததில் அவர்கள் பங்கு கொஞ்சமில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு படம் பார்த்தேன், முக்கால்வாசி இரவில் நடக்கும் கதை. ஒருவன் இருட்டு அறையில் மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்துச் சட்டைப்பையில் போடுகிறான். இசை ஏறுகிறது. என்ன எடுத்தான்? கத்தியா, சாவியா, எதுவும் தெரியவில்லை, திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம். வெளியே வந்து அங்கிருந்த ஊழியரிடம் சொன்னேன். "படமே அப்படித்தான் சார்" என்றார். பிறகு அது ஓடிடியில் வந்தது. வீட்டு டிவியில் அந்தக் காட்சியைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். சாவி. பளிச்சென்று தெரிந்தது.

டிஜிட்டல் சினிமாவுக்கென்று தர அளவு இருக்கிறது. திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். புரொஜெக்டரின் செனான் பல்ப் வயதாக ஆக மங்கும், அதை நேரத்துக்கு மாற்ற வேண்டும். 3டிக்குப் போட்ட லென்ஸை 2டி படத்துக்குக் கழற்றாமல் விட்டால் வெளிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். ஒலிக்கும் இப்படித்தான். தியேட்டரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சவுண்ட் ப்ராசஸரில் 7 என்ற எண், படத்தின் ஒலியை மிக்ஸ் செய்தவர்கள் கேட்ட அளவு. பல இடங்களில் 5-ஐத் தாண்டுவதில்லை. விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கும், யாராவது புகார் சொல்வார்கள், மொத்தமாகக் குறைத்துவிடுவார்கள். பிறகு படம் தொடங்கி, இருவர் மெதுவாகப் பேசும் காட்சி வந்தால் ஏசி சத்தம்தான் கேட்கும். பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது ஆபரேட்டர் அறையில் ஆளும் போய்விட்டார், இதையெல்லாம் கவனிக்க அங்கே கண்ணும் காதும் இல்லை. வீட்டு டிவி வருடா வருடம் தேறிக்கொண்டிருக்கும்போது தியேட்டர் மங்கினால், திருவிழாவுக்கு வந்தவர் சாதாரண நாளில் எதற்குத் திரும்பி வருவார்?

பழக்கத்தை வளர்க்க முடியும் என்று நம்புகிறேன். பிரான்ஸைப் பாருங்கள். ஒரு படம் தியேட்டருக்குப் பின் எப்போது எங்கே போகலாம் என்பதற்கு அங்கே கட்டாய வரிசை உண்டு. நெட்ஃபிளிக்ஸ் முன்பு 36 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது, 2022-ல் அதை 15 மாதமாக்கினார்கள். அது கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன், 15 மாதம் என்றால் திருட்டுப் பிரதிக்குத்தான் கொண்டாட்டம். எனக்குப் பிடித்தது மற்ற இரண்டு. 2000-த்திலிருந்தே அங்கே மாதக் கட்டணம் கட்டி எத்தனை படம் வேண்டுமானாலும் பார்க்கும் அட்டை இருக்கிறது, அட்டை கையில் இருந்தால் "சும்மா போய்ப் பார்ப்போம்" என்று தோன்றும். 1994 முதல் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை வகுப்பு நேரத்திலேயே தியேட்டருக்கு அழைத்துப்போகும் திட்டமும் நடக்கிறது. ஐரோப்பாவில் அதிகம் பேர் தியேட்டருக்குப் போகும் நாடு அதுதான், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சட்டமும் பள்ளித் திட்டமும் வரும்போது வரட்டும். தியேட்டர்காரர்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் நாற்காலி வரைபடம் காட்டுகிறீர்கள், சாயுமா சாயாதா என்றுகூடச் சொல்கிறீர்கள். அதன் கீழே இரண்டு வரி சேருங்கள். இந்தத் திரையின் வெளிச்சத்தைக் கடைசியாக அளந்த தேதி, அன்று வந்த அளவு. சவுண்ட் எந்த எண்ணில் ஓடும் என்பது. எந்த அரங்கம் இதை முதலில் போடுகிறதோ, செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சிக்கு அங்கே ஒரு டிக்கெட் என்னுடையது, என்ன படமாக இருந்தாலும் சரி.