அடைவுப் பெயர் நிரப்பல்: ஒரு திருத்தம்

அடைவுக்குள் (கோப்புறைக்குள்) செல்ல உதவும் சிடி (cd) கட்டளைக்குப் பின் டேப் விசையை அழுத்தினால், முனையத்தில் கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரலான பாஷ், அடைவுகளோடு கோப்புகளையும் சேர்த்தே காட்டும், அதைத் தடுக்க வழியில்லை, ஆகவே அதுபோன்ற மற்றொரு நிரலான இசட்ஷெல்லுக்கு மாறுங்கள் என்று சிலர் கூறுவது சரியன்று. டேப் விசை பெயர்களை நிரப்பித் தரும் முறையை, அதாவது நிரப்பலை, விருப்பப்படி வரையறுக்கும் வசதி பாஷின் 2.04 பதிப்பிலிருந்தே இருக்கிறது. கம்ப்ளீட் என்ற உள்ளமைக் கட்டளையை ‘-டி’ விருப்பத்தோடு சிடிக்கு உரியதாக எழுதி (complete -d cd), அந்த ஒரே வரியை, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் சேர்த்துவிட்டால், புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு முனையத்திலும் அடைவுகள் மட்டுமே பட்டியலில் வரும். ஆனால் பல கட்டளைகளுக்கு ஆயத்தமான நிரப்பல் விதிகளைத் தரும் பாஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால் இந்த வரியே தேவையில்லை. அத்தொகுப்பு சிடி கட்டளை தேடவேண்டிய இடங்களைச் சொல்லும் சிடிபாத் (CDPATH) மாறியில் குறித்த இடங்களிலும் அடைவுகளைத் தேடித் தருகிறது, உங்கள் வரி அதற்குப் பின்னால் வந்தால் அந்த நல்ல வசதியை இழந்துவிடுவீர்கள். நிரப்பலின்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிப்பது, விசை உள்ளீட்டு அமைப்புகளுக்கான இன்புட்ஆர்சி (.inputrc) கோப்பில் செய்யவேண்டிய தனி அமைப்பு.