நெல் அருவி வெட்டுகிறவனும் வீடியோ வெட்டலாம்

நேற்று முன்தினம் அந்தத் தங்கையின் பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தகப்பனாரின் ஆட்டைத்திவசத்துக்கு முன்னர், கைப்பேசியில் கிடக்கும் அவருடைய சின்னச் சின்ன வீடியோக்களை வெட்டி ஒட்டி வீட்டாருக்குக் காட்ட வேண்டும், புதிதாகப் பழகுகிறவருக்கு எந்த மென்பொருள் நல்லது என்று அவர் கேட்டிருந்தார். நான் ஷொட்கட் என்று எழுதினேன். உடனே தொழில்முறைத் தம்பி ஒருவர், காசு கொடுத்து வாங்க வேண்டிய பெரிய மென்பொருள் ஒன்றின் திருட்டுப் பிரதிக்கு இணைப்பைப் போட்டுவிட்டு, "கமக்காரர் எல்லாம் எடிட்டிங் சொல்லிக்கொடுக்க வெளிக்கிட்டால் இப்படித்தான்" என்று சிரிப்புப் பொம்மைகளையும் வரிசையாக நிறுத்தியிருந்தார். அதற்கு விருப்பம் போட்டவர்களில் ஒருவர் என்னுடைய சொந்த மச்சான்.

ஆம், நான் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற கமக்காரன்தான். ஆனால் அத்தனை பேரும் பேசிய அந்த இடத்தில், "தங்கச்சி, உங்களுடைய லப்டொப்பில் ரம் எவ்வளவு?" என்று, கணினி வேலை செய்யும்போது பாவிக்கிற நினைவகத்தின் அளவைக் கேட்டவன் நான் ஒருவன் மட்டுமே. 8 ஜிபி, படங்களைக் கையாளுகிற தனியான கிராபிக்ஸ் காட் இல்லை என்றார். முதலில் கணினியைக் கேட்க வேண்டும், மென்பொருளின் பெயரைப் பிறகு சொல்லலாம். மண்ணைப் பார்க்காமல் விதைநெல் சொல்லுகிறவரை நாங்கள் வயல் வரம்பில் கூட நிற்க விடமாட்டோம்.

டாவின்சி ரிசோல்வ் இலவசமாகவே கிடைக்கிறதே என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கிடைக்கிறது, தரமானதும்கூட. ஆனால் அதற்கு 16 ஜிபி ரம் இருக்க வேண்டும், நல்ல கிராபிக்ஸ் காட்டும் இருக்க வேண்டும். கிளிப்சாம்ப் விண்டோஸ் 11 உடன் சேர்ந்தே வருகிறது, 1080p என்கிற முழு எச்டி தரம் வரை, படத்தின் மேல் தன் முத்திரையான நீர்க்குறி இல்லாமல் சேமிக்கவும் விடுகிறது. இணைய இணைப்பு சீராக உள்ளவர் தாராளமாக எடுக்கட்டும், டேட்டாவுக்கு ரீலோட் போட்டு வாழுகிற வீட்டில் அது சரிவராது. கைப்பேசியிலேயே கப்கட்டில் செய்யலாமே என்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை, ஒரு நிமிட வீடியோவுக்கு அது போதும். ஷொட்கட் இலவசம், அதன் நிரலை யாரும் பார்க்கக்கூடிய திறந்த மூலம், ஒருமுறை இறக்கினால் பிறகு இணையம் தேவையில்லை, முடிவில் யாருடைய முத்திரையும் விழாது, 8 ஜிபி கணினியில் எச்டி வீடியோவை ஓட்டும். கைப்பேசி வீடியோக்களில் பிரேம் வேகம், அதாவது வினாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் சிலவேளை வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போகும்; அப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால், மாற்றித் தரட்டுமா என்று அதுவே கேட்கும். வெட்ட, ஒட்ட, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, கீழே பெயர் எழுத, வேறென்ன வேண்டும் ஆட்டைத்திவசத்துக்கு?

நான் விண்டோஸின் பழைய வீடியோ வெட்டும் மென்பொருளான மூவி மேக்கரில் பழகியவன் என்றும் ஒரு நக்கல். பழகினேன், அதில் வெட்கம் என்ன? 2017 ஜனவரி 10 உடன் மைக்ரோசொப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதே ஆண்டில் அந்தப் பெயரிலேயே ஒரு போலிப் பிரதி இணையத்தில் உலாவி, வீடியோவைச் சேமிக்கக் காசு கேட்டது. ஆகவே எதையும் அதற்குரிய சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள் என்று எழுதினேன். அதையும் பயந்தாங்கொள்ளித்தனம் என்றார்கள்.

திருட்டுப் பிரதி பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். என்னுடைய மருமகன் அப்படி ஒன்றைப் போடுவதற்காக வைரஸ் காவலை நிறுத்தினான். மறுநாள் காலையில் ஒரு படமும் திறக்கவில்லை, கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் ஏதோ ஒரு வால் முளைத்திருந்தது, திரையில் டொலரில் காசு கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள் அந்தக் கணினியில்தான் இருந்தன.

"ஸ்ரூடியோக்காரரின் வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்ற குற்றச்சாட்டுத்தான் என்னை உண்மையில் நோகச் செய்தது. கலியாண வீட்டுக்கு நானும் ஸ்ரூடியோவுக்குத்தான் சொல்லுகிறேன், முற்பணமும் கொடுக்கிறேன். ஆனால் தகப்பன் வாசலில் இருந்து வெற்றிலை இடிக்கிற முப்பது வினாடியில் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று மகளுக்குத் தெரிவது வேறு யாருக்குத் தெரியும்?

என்னுடைய கலியாணம் 2003இல், சமாதான காலத்தில் நடந்தது. இரண்டு வீடியோ கசற்றுகள். 2009இல், போரின் கடைசியில், அவற்றைப் பொலித்தீனில் சுற்றி, பிளாஸ்ரிக் வாளியில் போட்டுத் தாட்டுவிட்டு ஓடினோம். அம்மா அந்த ஓட்டத்தில் போனவர். திரும்பி வந்து கிண்டியபோது ஒரு கசற்று உருகினது போலக் கிடந்தது, மற்றதின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம். வவுனியாவில் ஒருவர் அதைப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பதினொரு நிமிடங்களை மீட்டுத் தந்தார். அதில் ஓரிடத்தில் அம்மா பந்தியில் சொதி வாளியுடன் நிற்கிறார். கமராவைக் கண்டு, முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு நிமிருகிறார். நிமிருகிற அந்த நேரத்தில், அந்தக் காலத்து எடிட்டிங்காரர் போட்ட சிவப்பு இதயம் ஒன்று ஓரத்தில் இருந்து சுருங்கி வந்து அவருடைய முகத்தை மூடிவிடுகிறது. நான்கு வினாடிகூட இல்லை. அந்த இதயத்துக்குப் பின்னால் இருந்த மூலப் பதிவு எங்கே என்று கேட்டால், அதன்மேல் அடுத்த கலியாணத்தை எடுத்துவிட்டார்கள் என்றார்கள்.

தொழில்முறைத் தம்பி போட்ட இணைப்பின் கீழே, "இதில் ஆயிரக்கணக்கான எஃபெக்ட் இருக்கிறது" என்று எழுதியிருந்தது. இருக்கட்டும். தங்கச்சி, நீங்கள் எந்த மென்பொருளில் வேண்டுமானாலும் வெட்டுங்கள், என்னுடைய சொல்லைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை; ஆனால் வெட்டுவதற்கு முன்னர் அப்பாவின் வீடியோக்கள் அனைத்தையும் அப்படியே ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் ஆவணமாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். ஷொட்கட்டில் எங்கேனும் தடங்கினால் உள்பெட்டியில் கேளுங்கள். பகலில் வயலில் நிற்பேன், இரவு எட்டு மணிக்குப் பிறகு பதில் எழுதுவேன்.

மச்சானுக்கு: விருப்பத்தை எடுத்துவிட்டதைப் பார்த்தேன்.